அடுத்த மாடல் வரும்வரை யார் காத்திருப்பது?

டேப்லெட் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு மலாக்காவில் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான். ஜாசினில் கேட்டாலும் சரி, மெர்லிமாவில் கேட்டாலும் சரி, பட்டணத்துப் பேரங்காடியில் விசாரித்தாலும் சரி, கோயில் திருவிழாவில் பார்க்கும் சொந்தக்காரப் பையனிடம் கேட்டாலும் சரி, அதே பேச்சு: “இப்ப வாங்காதீங்கண்ணே, புது மாடல் வரப்போவுது.” புது மாடல் வந்த மறுவாரம் அதே வாய் வேறொன்று சொல்லும்: “உங்களோடது பழசாயிருச்சி, மாத்திருங்க.” முதல் பேச்சு நிதானம்போலத் தோன்றுகிறது, இரண்டாவது முன்னேற்றம்போலத் தோன்றுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நம் பிள்ளைக்கு எப்போது ஒரு கருவி வேண்டும் என்பதைக் கலிபோர்னியாவிலும் தென்கொரியாவிலும் இருக்கும் நிறுவனங்களின் அறிமுக விழா தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் அந்த வேர். இந்த அறிவுரையை நான் முழுக்க மறுக்கிறேன். இது தவறு என்பது மட்டுமே காரணமல்ல. மாதச் சம்பளத்தில் வாழும் தோட்டத்துக் குடும்பங்களிடமிருந்து பணத்தையும் படிப்பையும் ஒருசேரப் பறிக்கிறது இது.

முதலில் அதன் அடித்தளத்தைப் பார்ப்போம். புது மாடல் வரும் நாள் முன்கூட்டியே தெரியும் என்பது இந்த அறிவுரையின் நம்பிக்கை. ஒருகாலத்தில் அதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. சாதாரண ஐபேட் 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது; 2022-இல் அக்டோபரில். நான்கு ஆண்டுப் பழக்கம் மக்கள் மனத்தில் விதியாகிவிட்டது. அடுத்து வந்த 2023-இல் ஆப்பிள் ஒரு ஐபேட்கூட வெளியிடவில்லை. 2010-இல் முதல் ஐபேட் வந்ததிலிருந்து அப்படி ஓர் ஆண்டு இருந்ததே இல்லை. 2024 மே மாதம் வந்தவை விலை கூடிய புரோவும் ஏரும். அந்த ஆண்டு அக்டோபரில் வந்தது மினி. பெரும்பாலான பெற்றோர் வாங்க நினைக்கும் சாதாரண ஐபேட் புதுப்பிக்கப்பட்டது 2025 மார்ச்சில்தான்.

இதைப் பள்ளிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2023 மார்ச்சில் படிவம் ஒன்றில் சேர்ந்த ஒரு பிள்ளை. “அக்டோபர்ல புதுசு வரும், பொறுங்க” என்ற பேச்சைக் கேட்டு அவள் அப்பா காத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் போனது, அந்த ஆண்டும் போனது, அடுத்த ஆண்டும் போனது. புது ஐபேட் கடைக்கு வந்தபோது அவள் படிவம் மூன்றில் இருந்தாள். இடைநிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளை அம்மாவின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தே கழித்திருப்பாள். பொறுமையால் அந்த வீட்டுக்குக் கிடைத்த லாபம் என்ன? எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

இந்த ஒழுங்கின்மை இன்று நேற்று வந்ததல்ல. 2012 மார்ச்சில் மூன்றாம் தலைமுறை ஐபேட் வந்தது. எட்டு மாதம் ஆவதற்குள் நவம்பரில் நான்காம் தலைமுறை கடைக்கு வந்துவிட்டது. ஐபேட் மினியின் கதை இதற்கு நேரெதிர்: 2015 செப்டம்பருக்குப் பிறகு 2019 மார்ச், அதன்பின் 2021 செப்டம்பர், அதன்பின் 2024 அக்டோபர். சாம்சுங்கும் அப்படித்தான். டேப் எஸ்7 2020 ஆகஸ்டில், எஸ்8 2022 பிப்ரவரியில், எஸ்9 2023 ஜூலையில், எஸ்10 2024 செப்டம்பரில், எஸ்11 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒன்றரை ஆண்டு இடைவெளி சுருங்கி ஓர் ஆண்டாகிவிட்டது. அதோடு, எஸ்10 வரிசையில் 11 அங்குலச் சிறிய அளவே வெளிவரவில்லை. எஸ்9-ஐ வாங்காமல் அடுத்த சிறிய டேப்லெட்டுக்காகக் காத்திருந்தவருக்கு ஒரு தலைமுறையே கைநழுவியது. நாளும் நிலையில்லை, அளவும் நிலையில்லை. இதை நம்பி ஒரு குடும்பம் எப்படித் திட்டமிடும்?

“சரி, நாள் நிச்சயமில்லைதான். ஆனால் புதுசு வந்தால் பழசு விலை இறங்குமே?” என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. விலை இறங்குவது உண்மை. பழைய இருப்பைத் தள்ள வேண்டிய கடைக்காரர் இறக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் விலை இறங்கிய கருவியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒன்பதாம் தலைமுறை ஐபேட் வந்தது 2021-இல். அதனுள்ளே இருந்த ஏ13 சில்லு 2019-ஆம் ஆண்டுடையது. அந்த ஐபேட்டை ஆப்பிள் 2024 மே வரை விற்பனையில் வைத்திருந்தது. 2024 ஏப்ரலில் பெட்டி பிரித்து “புதுசு” என்று கையில் எடுத்தவர் உண்மையில் ஐந்தாண்டு வயதை நெருங்கிய சில்லை வாங்கினார். அவர் விலையில் மிச்சம் பிடித்தது உண்மைதான். ஆயுளில் எவ்வளவு இழந்தார் என்பதை ரசீது சொல்லாது.

இன்னொரு சான்று எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தெரியும், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26, ஏழாம் தலைமுறை ஐபேட்டில் இயங்காது. எட்டாம் தலைமுறையில் இயங்கும். முன்னது 2019-இல் வந்தது, பின்னது 2020-இல். 2020 ஆகஸ்டில் அவசரப்பட்டு வாங்கியவர் தோற்றார், ஒரு மாதம் பொறுத்தவர் வென்றார் என்று இதைக் காட்டிச் சொல்வார்கள். ஆனால் காரணம் அந்த ஒரு மாதம்தானா? ஏழாம் தலைமுறையில் இருந்தது 2016-இன் ஏ10 சில்லு. எட்டாம் தலைமுறையில் 2018-இன் ஏ12. வாங்கும் நாளிலேயே “உள்ளே இருக்கும் சில்லுக்கு எத்தனை வயது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் விடை தெரிந்திருக்கும். அந்த அறிவுரை சொல்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. அடுத்தது எப்போது வரும் என்று மட்டும் கேட்கிறார்கள்.

மலாக்காக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் வெளியூர்க்காரர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896-இல் டான் சே யான் நட்ட புக்கிட் லிந்தாங், இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ரப்பர் ஆய்வுக் கழகம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றும் அதற்குப் பின் வேறு எண்களிலும் புதுப் புது ஒட்டு ரகங்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. புது ரகம் அறிவிக்கப்பட்ட அன்றே பால் சுரந்துகொண்டிருந்த மரத்தை வெட்டிய தோட்டம் உண்டா? மரம் எவ்வளவு பால் தருகிறது, சீவுவதற்கு இன்னும் எவ்வளவு பட்டை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மறுநடவு முடிவாகும். அந்தக் கணக்கை நம் தாத்தா பாட்டிகள் கையால் தொட்டு அறிந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் வீட்டில் டேப்லெட் விஷயம் வரும்போது மட்டும் அதை ஏன் மறக்கிறோம்?

இப்போது புதிதாக ஒரு பயமுறுத்தலும் சேர்ந்திருக்கிறது. “இனிமே எல்லாம் ஏஐ. பழைய டேப்லெட்ல ஓடாது” என்கிறார்கள். 2025 மார்ச்சில் வந்த, ஏ16 சில்லு பொருத்திய சாதாரண ஐபேட்டிலேயே ஆப்பிள் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு வசதி கிடையாது. அதற்கு ஏ17 புரோ அல்லது எம்1-க்குக் குறையாத சில்லு வேண்டும். ஆக, புத்தம்புதிதாக வாங்கியவருக்கும் அது இல்லை. இருக்கும் கருவிகளிலும் தமிழுக்கு என்ன கிடைத்தது? 2025 வரை அந்த வசதி பேசக் கற்ற மொழிகளில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. மாணவர்கள் உண்மையில் பயன்படுத்தும் சாட்ஜிபிடியும் ஜெமினியும் தொலைதூரத்துக் கணினிகளில் இயங்குபவை. நம் கையிலிருக்கும் கண்ணாடிப் பலகை கேள்வியை அனுப்பிவிட்டுப் பதிலைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நான்கு வயதுக் கருவியிலும் அது நடக்கும். தமிழ்ப் பிள்ளையின் பெற்றோரிடம் ஏஐ என்று சொல்லி டேப்லெட் விற்பவர், அந்தப் பிள்ளையின் மொழியில் அது என்ன செய்யும் என்று சொல்லிக் காட்டட்டும்.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? கருவி எப்போது பிறந்தது என்பதைவிட அதற்கான ஆதரவு எப்போது முடிகிறது என்பதைப் பார்த்தால் பாதித் தெளிவு வந்துவிடும். 2014 அக்டோபரில் வந்த ஐபேட் ஏர் 2, 2021-இன் ஐபேட்ஓஎஸ் 15 வரை புதுப்பிப்புப் பெற்றது. பெரிய மாற்றங்கள் அங்கே நின்றன; பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-இலும் வந்தன. பத்தாண்டுக்கும் மேல். அந்தப் பத்தாண்டில் எத்தனை முறை “பழசாயிருச்சி” என்று சொல்லியிருப்பார்கள்! சாம்சுங் தன் டேப் எஸ்10 வரிசைக்கு ஏழாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக உறுதி கூறியிருக்கிறது. விலை குறைந்த வரிசைகளுக்கு அந்தக் காலம் குறைவு. அதனால் பாதி விலைக் கருவி பாதி ஆயுளோடு வந்தால் அது மலிவே இல்லை. விலையை, பாதுகாப்புப் புதுப்பிப்பு மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு எவ்வளவு வெள்ளி என்று வரும். கடையில் நின்றபடியே போடக்கூடிய கணக்கு இது. வெளியீட்டு வதந்திகளைவிட நூறு மடங்கு உண்மை சொல்லும்.

பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கருவியில் வங்கி வேலை பார்க்கக் கூடாது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. கதை படிக்கலாம், படம் பார்க்கலாம், சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்கலாம். பணம் மட்டும் அதில் நடமாட வேண்டாம். அதேபோல, படிப்புக்குக் கட்டாயமான செயலி ஏற மறுத்தால் மாற்றத்தான் வேண்டும். டுரியான் துங்காலில் இருக்கும் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ புக்கிட் பெருவாங்கின் மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலோ பொறியியல் சேரும் பிள்ளைக்கு ஆரம்பப் பள்ளிக் காலத்து டேப்லெட் போதாமல் போகலாம். இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஒன்றுகூட அறிமுக விழாவோடு தொடர்புடையதில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் பல கருவிகளை ஒரேயடியாக உண்மையிலேயே பழசாக்கியது எந்தப் புது மாடலும் அல்ல. 2021 டிசம்பர் 31-ஐ எல்லையாக வைத்து 3ஜி சேவை நிறுத்தப்பட்டதுதான். சிம் அட்டை போட்ட 3ஜி டேப்லெட்டுகள் அதன்பின் வைஃபை இல்லாமல் வெறும் பலகைகள் ஆயின. தமிழர்களுக்கு அதைவிட முந்தைய எடுத்துக்காட்டும் உண்டு. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிள் கருவிகளில் தமிழ் விசைமுகம் உள்ளேயே சேர்ந்து வந்தது. தமிழ் 99 ஒன்று, நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் அஞ்சல் முறை இன்னொன்று. 2010-இன் முதல் ஐபேட் ஐஓஎஸ் 5-உடன் நின்றுவிட்டதால் அதற்கு அது கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த ஐபேட் 2-க்குக் கிடைத்தது. தமிழில் எழுத வேண்டியவர் அன்று முதல் ஐபேட்டை மாற்றியது முழுக்கச் சரி. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்று ஐபேட் 2-ஐ மாற்றியவருக்கு அந்த நியாயம் இல்லை.

பேட்டரி விஷயத்தில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சார்ஜ் நிற்கவில்லை என்றதும் டேப்லெட்டே செத்துவிட்டது என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஐபேட் பேட்டரி ஆயிரம் முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் எண்பது விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு முழுச் சுற்று என்றால் ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடும். ஆனால் 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் அதை நிரந்தரமாகக் கெடுக்கும் என்றும் அதே நிறுவனம் எச்சரிக்கிறது. தகரக் கூரை வீட்டில், மதிய வேளையில், தலையணைமேல் வைத்து சார்ஜ் போட்டபடி விளையாட விடும் டேப்லெட் எத்தனை டிகிரியில் வேகும் என்று யோசித்துப் பாருங்கள். இரவில், தரையில், உறையைக் கழற்றி சார்ஜ் போட்டால் போதும். செலவே இல்லாமல் ஆயுள் கூடும். அதையும் தாண்டிப் பேட்டரி தேய்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். புதுக் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். “டேப்லெட் ரொம்ப ஸ்லோ” என்ற புகாரில் பெரும்பகுதி டேப்லெட்டின் குற்றமே இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே, கோபுரத்துக்குத் தொலைவில், லைன் ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் தடுமாறும் இடத்தில் எம்5 சில்லு பொருத்திய ஐபேட் புரோவை வைத்தாலும் வகுப்புக் காணொளி சுற்றிக்கொண்டேதான் நிற்கும். மாற்றுவதற்கு முன் அந்தப் பழைய டேப்லெட்டைப் பட்டணத்துக்கு எடுத்துப்போய், நல்ல வைஃபை உள்ள உறவினர் வீட்டில் ஒரு மணி நேரம் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் வேறு. கேள்வி கேட்க வேண்டிய இடமும் வேறு. சட்டமன்ற உறுப்பினரிடமும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமும் கேட்க வேண்டியதைக் கடைக்காரரிடம் காசாகக் கொடுக்காதீர்கள்.

ஆண்டுக் கடைசியில் இன்னொரு தூண்டுதல் வரும். “டிசம்பருக்குள்ள வாங்கிட்டா வரியில கழிச்சுக்கலாம்.” வாழ்க்கைமுறை வரிச் சலுகையான 2,500 ரிங்கிட்டில் டேப்லெட்டும் அடங்கும் என்பது உண்மை. ஆனால் 2,500 ரிங்கிட் திரும்பக் கைக்கு வருவதாக நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். குறைவது வரிவிதிப்புக்குரிய வருமானம்தான். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு அதிகபட்சமாக மிஞ்சுவது 275 ரிங்கிட், 6 விழுக்காட்டுப் படியில் 150. 2025 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் வாங்குபவர் வரியே கட்டுவதில்லை; அவருக்கு இந்தச் சலுகையால் ஒரு காசு பயனில்லை. வரி கட்டாதவரிடம் வரிச் சலுகையைச் சொல்லி டேப்லெட் விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 2024 மே மாதம் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு வந்தபிறகு, முதுமைக்கான பணத்தை எடுத்து இந்த ஆசைக்குக் கொடுக்கும் வழியும் திறந்துவிட்டது. படிப்புக்கு உண்மையிலேயே கருவி இல்லாத வீடு எடுக்கட்டும், நான் குறை சொல்ல மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் டேப்லெட்டை மாற்ற எடுக்கக் கூடாது.

தனி வீடுகளைவிடப் பெரிய முடிவுகளை எடுப்பவை நிறுவனங்கள். 2021-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது: 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவிகள், 150 மில்லியன் ரிங்கிட். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் குறைந்த வருமானக் குடும்பங்களின் உயர்கல்வி மாணவர்களுக்குப் பெராந்தி சிஸ்வா டேப்லெட் திட்டம்: 600,000 பேர், 450 மில்லியன் ரிங்கிட். கொடுத்தது நல்ல காரியம்; நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது மேடையில் முழங்கிய அளவுக்கு, அவை எந்த ஆண்டுவரை பாதுகாப்பாக இயங்கும் என்பது பேசப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கேள்வியைச் சட்டமாக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் டேப்லெட்டுக்கு, அந்த மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு மென்பொருள் புதுப்பிப்பும் ஏழாண்டு உதிரிப்பாகமும் கிடைக்க வேண்டும். விற்பனை முடிந்த நாளிலிருந்து என்பதுதான் அதில் உயிர்நாடி. கடைசியாக வாங்கிய ஏழைக்கும் அது காவல்.

நம் சட்டத்தில் அவ்வளவு துல்லியம் இல்லை. ஆனாலும் நாம் வெறுங்கையோடு இல்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37-ஆம் பிரிவில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். “இதுக்கு பேட்டரி இல்ல, புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லி ஒருவர் திருப்பி அனுப்பினால் அதுதான் இறுதித் தீர்ப்பு என்று எண்ணி வீட்டுக்கு வராதீர்கள்.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் நன்கொடையிலும் மானியத்திலும் கருவிகள் வாங்கப்படுகின்றன. அந்தச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை விலைப்புள்ளி கேட்கும்போது, விலைக்கும் உத்தரவாதத்துக்கும் பக்கத்தில் இரண்டு வரிகள் கூடுதலாகச் சேருங்கள்: இந்த மாடலுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு, எந்த மாதம் முடிகிறது, பேட்டரியை மாற்ற எவ்வளவு ஆகும். இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராத கடையிடம் வாங்காதீர்கள். பதில் தரும் கடையில் நல்ல மாடல் இருந்தால், பள்ளி திறப்பதற்கு முன் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.